பக்குவம் வந்தவனுக்கே மார்க்கம்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

இம்முறை நாம் பாடமாக எடுத்துக்கொள்ளும் விஷயம் நம் வீடுகளிலேயே எழுந்து நிற்கும் ஒரு கேள்வி. மேற்படிப்புப் படித்து வரும் நம் வாலிபர்கள் கேட்கின்றனர்: "தெய்வ நம்பிக்கை என்பது மனிதனின் குழந்தைப் பருவத்துக்கு உரியதன்றோ? அறிவும் முதிர்ச்சியும் வந்துவிட்டவனுக்கு அது எதற்கு?" சிலர் இதை வாய்விட்டுக் கேட்டுவிடுகின்றனர். பலர் கேட்பதில்லை. மனத்துக்குள் வைத்துக்கொண்டு, ஜும்ஆவுக்கு மட்டும் தந்தையின் பின்னால் வந்து நின்றுவிட்டுப் போகின்றனர். கேட்கிறவனைவிடக் கேளாதவனைப் பற்றியே நாம் அதிகம் கவலைப்பட வேண்டும்.

கேள்வி புதியதன்று. பெரியார் ஈ.வெ.ரா. அவர்கள் 1929-ஆம் ஆண்டின் இறுதியிலும், மீண்டும் 1954-லும் மலாயாவுக்கு வந்து பேசினார். 'பகுத்தறிவு' என்னும் சொல் இந்நாட்டுத் தமிழர் நாவில் பழகி வெகுகாலம் ஆயிற்று. நம்மவர்கள் இக்கேள்விக்குப் பெரும்பாலும் இரண்டு விதமாகப் பதில் சொல்லி வருகிறோம். ஒன்று, "வாயை மூடு! இப்படிக் கேட்பதே குப்ரு" என்று அதட்டுவது. மற்றொன்று, "இன்று விஞ்ஞானிகள் கண்டுபிடிப்பதையெல்லாம் நம் வேதம் அன்றே சொல்லிவிட்டது" என்று பெருமை பேசுவது. முதலாவது பதில் வாயை மூடுமேயன்றி மனத்தை மூடாது. இரண்டாவது பதிலோ, இன்றைய விஞ்ஞானக் கொள்கை நாளை மாறும்போது, அதனோடு சேர்த்துக் கட்டிய ஈமானையும் ஆட்டிவிடும்.

ஆகவே, அதட்டலையும் பெருமையையும் ஒதுக்கி வைத்துவிட்டு, நம் மார்க்கம் அறிவையும் பக்குவத்தையும் எந்த இடத்தில் வைத்திருக்கிறது என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

1. மார்க்கம் யார்மீது கடமை?

நம் பிள்ளைகள் மதரசாவில் முதன்முதலாக ஓதும் பாடங்களுள் ஒன்று, தொழுகை யார்மீது கடமை என்பது. விடையை நாம் அனைவரும் மனப்பாடம் செய்திருக்கிறோம்: ஆகிலும் பாலிகுமான முஸ்லிமின் மீது. ஆகில் என்றால் புத்தியுடையவர். பாலிகு என்றால் பருவமடைந்தவர். உறங்குகிறவர் விழிக்கும் வரையிலும், குழந்தை பருவமடையும் வரையிலும், சித்தம் கலங்கியவர் தெளியும் வரையிலும் அவர்களைப் பற்றி எழுதும் பேனா உயர்த்தப்பட்டிருக்கிறது என்பது நாயகம் (ஸல்) அவர்களின் அறிவுரை.

இதை மனப்பாடம் செய்தோமேயன்றி, இதன் பொருளைச் சிந்தித்தோமா? குழந்தைக்கு மார்க்கம் பழக்கப்படுத்தப்படுகிறது, ஆனால் கடமையாக்கப்படுவதில்லை. புத்தி இல்லாத இடத்தில் தொழுகையும் இல்லை, நோன்பும் இல்லை, குற்றமும் இல்லை. புத்தியும் பருவமும் வந்து சேர்ந்த அன்றே அல்லாஹுத்தஆலாவின் கட்டளை அம்மனிதனை நோக்கிப் பேசத் தொடங்குகிறது. நம்பிக்கை குழந்தைப் பருவத்தின் சொத்து, அறிவு வந்ததும் கழற்றிப் போட வேண்டியது என்று கூறுவோர் சொல்லும் வரிசைக்கு நம் ஷரீஅத்தின் வரிசை நேர்மாறாக இருக்கிறது.

இதனால் மட்டும் ஈமான் உண்மை என்று நிரூபணம் ஆகிவிட்டதாக நாம் சொல்லவில்லை. மார்க்கம் யாரைத் தன் எதிரில் அமர்த்திப் பேசுகிறது என்பது மட்டும் இங்கே தெரிகிறது. அது புத்தியுள்ளவனை அமர்த்திப் பேசுகிறது. புத்தியுள்ளவனிடம் பேசுகிறவர் அவனுடைய கேள்விகளையும் எதிர்பார்த்தே பேசுவார்.

2. வியாபாரியின் மகனுக்கு ஒரு பரீட்சை

பருவம் வந்துவிட்டால் மட்டும் போதாது என்று சொல்லும் இடமும் திருக்குர்ஆனில் உண்டு. நான்காம் அத்தியாயமாகிய அந்நிஸாவின் 6-ஆம் வசனம் அநாதைகளின் சொத்தைப் பற்றியது. அவர்கள் திருமண வயதை எட்டும் வரை அவர்களைச் சோதித்துப் பார்க்குமாறும், அவர்களிடத்தில் 'ருஷ்து' இருப்பதைக் கண்டால் அவர்களுடைய பொருளை அவர்களிடம் ஒப்படைக்குமாறும், ஒப்படைக்கும்போது சாட்சிகளை வைத்துக்கொள்ளுமாறும் அவ்வசனம் கட்டளையிடுகிறது.

ருஷ்து என்பதைத்தான் நாம் தமிழில் பக்குவம் என்கிறோம். வயது தானாக வரும்; பக்குவம் தானாக வராது. ஷாபிஈ இமாம்கள் இதற்கு விளக்கம் சொல்லும்போது, தீனிலும் பொருளிலும் சீராக நடப்பதே ருஷ்து என்றனர். ஹனபி மத்ஹபில் பொருளைப் பாழாக்காமல் காக்கும் திறமை இருந்தால் போதும் என்பர்.

இந்தச் சோதனையை எப்படி நடத்துவது? இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தமது 'மின்ஹாஜ்' என்னும் நூலில் காட்டும் உதாரணம் நமக்கென்றே எழுதப்பட்டது போலிருக்கிறது. வியாபாரியின் மகனை வாங்குவதிலும் விற்பதிலும் பேரம் பேசுவதிலும் சோதிக்க வேண்டுமாம். விவசாயியின் மகனை விவசாயத்தில் சோதிக்க வேண்டுமாம். அதுவும் ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு கட்டலாகாது; இரண்டு முறையோ அதற்கு மேலோ பார்க்க வேண்டும். பையன் பேரத்தைப் பேசட்டும். வியாபாரத்தை முடித்து வைப்பது பொறுப்பாளர் கையில் இருக்கட்டும் என்பது அவர்கள் சொல்லும் ஏற்பாடு.

சகோதரர்களே, இதில் ஒரு பெரிய படிப்பினை இருக்கிறது. கடைச் சாவியைக் கொடுப்பதற்கு முன் மகனை இத்தனை முறை சோதிக்கச் சொல்லும் மார்க்கம், சரக்கைப் புரட்டிப் பார்க்கக் கூடாது, விலையைக் கேட்கக் கூடாது என்று அவனிடம் சொல்லவில்லை. பேரம் பேசாத பையனைப் பக்குவமில்லாதவன் என்று வைத்தது. கேள்வி கேட்பது பக்குவத்தின் அடையாளம் என்று பொருள் விஷயத்தில் ஒப்புக்கொள்ளும் நாம், தீன் விஷயத்தில் மட்டும் கேள்வி கேட்கும் மகனைக் கெட்டுப்போனவன் என்று முடிவு கட்டுவது எங்ஙனம் பொருந்தும்?

3. முதல் ஈமான் ஒரு வியாபாரியின் ஈமான்

நபித்துவம் கிடைத்த அந்த முதல் நாளை நினைத்துப் பாருங்கள். கி.பி. 610-ஆம் ஆண்டு. ஹிரா குகையிலிருந்து நடுங்கியவராக வீடு திரும்பிய நாயகம் (ஸல்) அவர்கள், நடந்ததைத் துணைவியார் கதீஜா (ரலி) அவர்களிடம் கூறி, தமக்கு என்ன நேருமோ என்று அஞ்சினார்கள். அச்செய்தியை முதலில் கேட்டவர், முதலில் நம்பியவர் யார்? மக்காவின் வணிகக் கூட்டங்களில் தம் முதலைப் போட்டு வியாபாரம் செய்த ஒரு பெண்மணி.

அவர் எப்படி நம்பினார்? கண்ணை மூடிக்கொண்டு நம்பவில்லை. அல்லாஹ் உங்களை ஒருபோதும் இழிவுபடுத்தமாட்டான் என்று சொல்லிவிட்டு, அதற்குக் காரணங்களை அடுக்கினார்: நீங்கள் உறவினரைச் சேர்த்துக்கொள்கிறீர்கள், பலவீனரின் சுமையைத் தாங்குகிறீர்கள், இல்லாதவருக்குத் தேடிக் கொடுக்கிறீர்கள், விருந்தினரை உபசரிக்கிறீர்கள், நியாயமான துன்பத்தில் சிக்கியவருக்கு உதவுகிறீர்கள் என்ற கருத்தில் அவர் பேசியதை ஹதீஸ் நூல்கள் பதிவு செய்துள்ளன. பதினைந்து ஆண்டு இல்வாழ்க்கையில் தாம் கண்ட கணக்கை அவர் வாசித்தார். அதற்கு முன்பே, தம் சரக்கோடு ஷாம் தேசத்துக்குச் சென்று வந்தவரின் நேர்மையை, கூடச் சென்ற பணியாளர் மைஸராவின் வாயிலாக விசாரித்து அறிந்திருந்தவர் அவர்.

அவ்வளவோடும் நிற்கவில்லை. முந்தைய வேதங்களைக் கற்றறிந்த தம் உறவினர் வரகா இப்னு நவ்பல் அவர்களிடம் கணவரை அழைத்துச் சென்று, அறிந்தவர் ஒருவரின் கருத்தையும் கேட்டார்.

விசாரணை, அனுபவம், காரணம், ஆலோசனை ஆகிய நான்கும் இதில் இருக்கின்றன. நம் உம்மத்தின் முதல் ஈமான் இப்படித்தான் பிறந்தது. இதை அறிவுக்குப் புறம்பான ஈமான் என்று எவரேனும் சொல்ல முடியுமா?

நாம் அன்றாடம் செய்யும் ஒரு காரியத்தை வைத்து இதை இன்னும் தெளிவாக்கலாம். ஒருவர் புதிதாக வந்து கடனுக்குச் சரக்குக் கேட்கிறார். வந்தவருக்கெல்லாம் கொடுக்கும் வியாபாரி ஆறு மாதத்தில் கடையை மூடுவார். யாருக்குமே கொடுக்க மாட்டேன் என்பவரின் கடை வளராது. நல்ல வியாபாரி என்ன செய்கிறார்? நாலு இடத்தில் விசாரிக்கிறார். முன்பு வாங்கியதற்குத் தவணை தவறாமல் கொடுத்தாரா என்று பார்க்கிறார். பிறகு கொடுக்கிறார். எத்தனை விசாரித்தாலும் நாளை நடக்கப்போவதை எவரும் கணக்குப் போட்டு நிரூபித்துவிட முடியாது. ஒரு கட்டத்தில் விசாரணை நின்று, நம்பிக்கை தொடங்க வேண்டியிருக்கிறது. அந்த நம்பிக்கை குருட்டுத்தனமும் அன்று. இரண்டும் இரண்டும் நாலு என்பது போன்ற கணிதமும் அன்று. காரணங்களின் மேல் நின்றுகொண்டு, காரணங்களுக்கு அப்பால் ஓரடி வைப்பது அது. ஈமானும் அத்தகையதே.

4. கிரகணம் பிடித்த நாள்

ஹிஜ்ரி பத்தாம் ஆண்டில் நாயகம் (ஸல்) அவர்களின் மகனார் இப்ராஹீம், பால்குடி மறவாத வயதில் இறந்தார். பெருமானார் கண்ணீர் விட்டார்கள். கண் அழும், உள்ளம் வருந்தும், ஆயினும் இறைவனுக்கு உவப்பில்லாததை நாவு சொல்லாது என்ற கருத்தில் அவர்கள் பேசினார்கள். அன்று சூரிய கிரகணம் பிடித்தது. வானியலார் கணக்குப்படி அது கி.பி. 632 ஜனவரி 27 என்பர்.

மதீனத்து மக்கள் என்ன நினைத்திருப்பார்கள்? நபியின் பிள்ளைக்காகச் சூரியனே இருண்டுவிட்டது என்று பேசத் தொடங்கினார்கள். அவ்வேளையில் நாயகம் (ஸல்) அவர்கள் ஒன்றும் சொல்லாமல் இருந்திருந்தாலே போதும். அந்தப் பேச்சு அரபு தேசமெங்கும் பரவியிருக்கும். ஆயிரமாயிரம் பேர் அதைக் கேட்டே வந்து சேர்ந்திருப்பார்கள். ஆனால் அவர்கள் எழுந்து, சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகளுள் இரண்டு. எவருடைய மரணத்துக்காகவும் பிறப்புக்காகவும் அவற்றுக்குக் கிரகணம் பிடிப்பதில்லை என்று அறிவித்துவிட்டார்கள். பிறகு மக்களைத் தொழச் சொன்னார்கள்.

மகனைப் பறிகொடுத்த துக்கத்திலும், தமக்குப் புகழ் சேர்க்கக்கூடிய ஒரு பொய்யை அவர்கள் ஏற்கவில்லை. பக்குவம் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா? மூடநம்பிக்கையை மறுத்ததும் அவர்களே. அதே மூச்சில் தொழுகைக்கு அழைத்ததும் அவர்களே. ஒன்று மற்றொன்றுக்கு இடையூறாக இருக்கவில்லை.

இந்த வழியிலேயே இன்றும் நம் நாடுகளில் மார்க்கக் காரியங்கள் நடக்கின்றன. புருணை, இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய நான்கு நாடுகளின் மார்க்க அதிகாரிகள் பிறை தென்படுவதற்குரிய அளவைக் கூட்டாக வகுத்துள்ளனர். முன்பு, பிறை அடிவானத்துக்கு மேல் 2 பாகை உயரத்தில் இருந்தால் போதும் என்றிருந்தது. பல ஆண்டுப் பிறை பார்த்த அனுபவத்தையும் வானியல் கணக்கையும் ஆராய்ந்து, அந்த உயரத்தை 3 பாகையாகவும், சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையிலுள்ள தூரத்தை 6.4 பாகையாகவும் மாற்றி, 2022 முதல் கைக்கொண்டு வருகின்றனர். பெருநாள் சரக்கைத் தருவிக்கும் நமக்கு அந்த ஒரு நாள் எவ்வளவு முக்கியம் என்பது தெரியும். கணக்கு சரியில்லை என்று கண்டபோது திருத்தினார்கள். திருத்தியதால் நோன்பின் மகிமை குறைந்துவிடவில்லை.

5. கொள்ளை நோயும் கலீபாவும்

உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில், ஹிஜ்ரி பதினெட்டாம் ஆண்டையொட்டி, ஷாம் தேசத்தில் கொள்ளை நோய் பரவியது. அங்கே புறப்பட்டுச் சென்ற கலீபா, ஸர்கு என்னும் இடத்தை அடைந்தபோது இச்செய்தியைக் கேட்டார்கள். முஹாஜிர்களைக் கூப்பிட்டு ஆலோசித்தார்கள். அன்ஸாரிகளைக் கூப்பிட்டு ஆலோசித்தார்கள். இரு சாராரிடையிலும் கருத்து வேறுபட்டது. பின்னர் குறைஷிகளில் அனுபவமுள்ள முதியவர்களைக் கேட்டார்கள். அவர்கள் ஒரே குரலில், திரும்பிவிடுவதே நல்லது என்றனர். கலீபாவும் அவ்வாறே முடிவு செய்தார்கள்.

அப்போது அபூ உபைதா (ரலி) அவர்கள், அல்லாஹ்வின் விதியை விட்டா ஓடுகிறீர்கள் என்று கேட்டார்கள். அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்கே செல்கிறோம் என்பது உமர் (ரலி) அவர்கள் கொடுத்த விடையின் கருத்து. ஒரு பள்ளத்தாக்கில் ஒரு புறம் செழிப்பும் மறு புறம் வறட்சியுமாக இருந்தால், ஒட்டகத்தை எப்புறம் மேய்த்தாலும் அது விதிப்படிதானே என்று உதாரணமும் காட்டினார்கள். இதன் பிறகே அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ப் (ரலி) அவர்கள் வந்து, கொள்ளை நோய் உள்ள ஊருக்குள் நுழைய வேண்டாம், அவ்வூரில் இருப்பவர் அதைவிட்டு ஓடவும் வேண்டாம் என்னும் நபிமொழியைத் தெரிவித்தார்கள்.

கலந்தாலோசித்து அறிவால் கண்ட முடிவும், பின்னர் தெரியவந்த நபிமொழியும் ஒத்திருந்தன. விதியில் நம்பிக்கை வைப்பது என்றால் புத்தியைக் கட்டிப்போடுவது என்று எண்ணுகிறவர்கள் இந்த நிகழ்ச்சியை மறந்துவிடுகிறார்கள். 2020 மார்ச் மாதத்தில் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பள்ளிவாசல்கள் மூடப்பட்டபோது நம்மில் சிலர், "நோய்க்குப் பயந்து அல்லாஹ்வின் வீட்டை மூடலாமா?" என்று வருந்தினர். வருத்தம் நியாயமானது. ஆனால் மூடச் சொன்ன உலமாக்கள் ஈமான் குறைந்தவர்கள் அல்லர்; ஸர்கில் திரும்பிய கலீபாவின் வழியில் நடந்தவர்கள்.

6. உடைந்த கண்ணாடி

இனி, சந்தேகம் வந்துவிட்ட மகனிடம் வருவோம். அவனுக்கு நம் முன்னோரில் ஒரு துணை உண்டு. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 1058-இல் தூஸ் நகரில் பிறந்தவர். 1091-இல் பாக்தாதின் நிஜாமிய்யா கல்லூரியில் பேராசிரியரானார். 1095-இல் புகழையும் பதவியையும் விட்டுவிட்டு வெளியேறினார். தம் உள்ளத்தில் எழுந்த சந்தேகங்களை 'அல்முன்கிது' என்ற நூலில் மறைக்காமல் எழுதி வைத்தார்.

கிறிஸ்தவரின் பிள்ளைகள் கிறிஸ்தவராகவும், யூதரின் பிள்ளைகள் யூதராகவும், முஸ்லிம்களின் பிள்ளைகள் முஸ்லிம்களாகவும் வளர்வதை இளமையிலேயே கவனித்து, தந்தை வழி வந்த வெறும் தக்லீதின் கட்டு தம்மை விட்டு அவிழ்ந்ததாக அவர் கூறுகிறார். நம் பிள்ளைகள் இன்று கேட்கும் அதே கேள்வி! கண்ணையும் நம்பலாமா என்று கேட்டார். நட்சத்திரம் கண்ணுக்கு ஒரு தீனார் காசளவாகத் தெரிகிறது. கணிதமோ அது பூமியைவிடப் பெரியது என்கிறதே என்று சிந்தித்தார். தக்லீதைப் பற்றி அவர் சொல்லும் உவமை மறக்க முடியாதது. தான் பிறரைப் பார்த்து நம்புகிறோம் என்று ஒருவன் அறிந்துவிட்டால், அவனுடைய பழைய நம்பிக்கை உடைந்த கண்ணாடியாகிவிடும். அதை ஒட்டுப்போட முடியாது. நெருப்பில் உருக்கிப் புதிதாக வார்க்கத்தான் வேண்டும்.

மகனின் கண்ணாடி உடைந்துவிட்டது என்று தெரிந்த பிறகு, துண்டுகளைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொள் என்று நாம் சொன்னால், அவன் கை அறுபடும். உருக்கி வார்ப்பதற்குக் காலமும் நெருப்பும் வேண்டும். கஸ்ஸாலி அவர்களுக்கே பல ஆண்டுகள் ஆயின. நம் மகனுக்கு ஆறு மாதம் பொறுக்க மாட்டோமா?

அவர் எச்சரித்த இன்னொரு கூட்டத்தையும் சொல்ல வேண்டும். கிரகணத்தைக் கணக்கிட்டுச் சொல்லும் கலையைக்கூட மார்க்கத்துக்கு விரோதம் என்று மறுப்பவன், இஸ்லாத்துக்கு உதவுவதாக எண்ணிக்கொண்டு கெடுதி செய்கிறான் என்கிறார். நிரூபணமான ஒன்றை மார்க்கத்தின் பெயரால் மறுத்தால், கேட்கிறவன் கணக்கைச் சந்தேகிக்க மாட்டான், மார்க்கத்தையே சந்தேகிப்பான். ஒன்பது நூற்றாண்டுக்கு முன் சொல்லிய சொல் இன்றும் எத்துணைப் பொருத்தம்!

7. புத்தியைச் செருப்போடு கழற்றலாமா?

இதுவரை பிள்ளைகளைப் பற்றிப் பேசினோம். இனி நம்மைப் பற்றியும் பேசுவோம்.

ஒட்டுக்கடை முதல் மொத்த வியாபாரம் வரை, நம்மவர்களின் கூர்மைக்குக் குறைவில்லை. மிளகில் கலப்படம் இருந்தால் முகர்ந்தே சொல்லிவிடுவோம். பற்று வரவில் இருபது காசு குறைந்தால் கணக்குப்பிள்ளையைத் தூங்கவிட மாட்டோம். ஆனால் பள்ளிவாசல் வாசலில் செருப்பைக் கழற்றும்போது புத்தியையும் சேர்த்துக் கழற்றி வைத்துவிடுகிறவர்கள் நம்மில் இல்லையா? வியாபாரம் மந்தமானால் சரக்கையும் விலையையும் ஆராயாமல், கல்லாப்பெட்டிக்கு அடியில் தகடு வைக்கிறவர் இல்லையா? நீண்ட தாடியும் இனிய பேச்சுமாக ஒருவர் வந்து, "ஹலாலான முதலீடு, மாதந்தோறும் நிச்சய இலாபம்" என்றால், எந்தப் பத்திரமும் பாராமல் ஆயுள் சேமிப்பை எடுத்துக் கொடுக்கிறவர் இல்லையா? இலாபம் நிச்சயம், நஷ்டமே கிடையாது என்று ஒரு சரக்கு வியாபாரி சொன்னால் சிரித்திருப்போம். மார்க்கத்தின் பெயரால் சொன்னால் மட்டும் ஏன் சிரிப்பு வரவில்லை?

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எது தெரியுமா? அல்பகராவின் 282-ஆம் வசனம். அது கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. தவணையைக் குறித்துக்கொள்ளுங்கள், எழுத்தர் நியாயமாக எழுதட்டும், சாட்சிகளை வையுங்கள், தொகை சிறிதாயினும் எழுதச் சலிப்படையாதீர்கள் என்று நமக்குக் கற்பிக்கிறது. ஈமான் கொண்டவர்களை அழைத்துத்தான் இதைச் சொல்கிறது. நம்பிக்கையுள்ளவன் எழுதத் தேவையில்லை என்று சொல்லவில்லை. அல்ஹுஜுராத்தின் 6-ஆம் வசனம், தீயவன் கொண்டுவரும் செய்தியை விசாரித்துத் தெளியுமாறு ஆணையிடுகிறது. கைத்தொலைபேசியில் வரும் ஒவ்வொரு "அற்புதச் செய்தி"யையும், "பத்துப் பேருக்கு அனுப்பினால் பரக்கத்து" என்பதையும் நாம் விசாரிக்கிறோமா? அல்இஸ்ராவின் 36-ஆம் வசனம், நமக்கு அறிவில்லாததன் பின்னே போகக் கூடாது என்றும், செவியும் கண்ணும் இதயமும் விசாரிக்கப்படும் என்றும் எச்சரிக்கிறது.

நம் பிள்ளைகள் இவற்றையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் வளர்கின்றனர். "ஈமான் என்றால் இதுதான் போலும்" என்று எண்ணி அவர்கள் விலகினால், அவர்கள் விட்டு விலகியது இஸ்லாத்தையா, அல்லது நாம் காட்டிய தகட்டையும் ஏமாற்றையுமா?

8. அறிவின் எல்லை

இவ்வளவு கூறியபின், அறிவே எல்லாவற்றுக்கும் போதும் என்று நாம் சொல்வதாக எவரும் கொள்ள வேண்டாம். தராசு நல்ல கருவி. அதில் ஏலக்காயை நிறுக்கலாம்; தாயின் அன்பை நிறுக்க முடியாது. நிறுக்க முடியாததால் தராசு கெட்டதும் அன்று, அன்பு பொய்யும் அன்று. குற்றமற்ற குழந்தை ஏன் நோயில் வாடுகிறது என்ற கேள்விக்கு, இரவில் மருத்துவமனைத் திண்ணையில் அமர்ந்திருக்கும் தகப்பனைத் திருப்திப்படுத்தும் விடை எந்த நூலிலும் எழுதப்படவில்லை. அங்கே ஈமானுள்ளவன் விடையைக் கையில் வைத்திருக்கிறவன் அல்லன். விடையில்லாத இடத்திலும் ஒருவன்மேல் சாய்ந்திருக்கிறவன்.

அப்படிச் சாய்ந்தவர்களும் கேட்டிருக்கிறார்கள். இறந்தவர்களை எப்படி உயிர்ப்பிக்கிறாய் என்று காட்டும்படி இறைவனிடமே இப்ராஹீம் (அலை) அவர்கள் கேட்டதை அல்பகராவின் 260-ஆம் வசனம் கூறுகிறது. நம்பவில்லையா என்று இறைவன் கேட்க, நம்புகிறேன், உள்ளம் அமைதி பெறவே கேட்கிறேன் என்ற பொருளில் விடை சொன்னார்கள். அல்லாஹ் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. காட்டிக் கொடுத்தான். ஈமானும் கேள்வியும் ஒரே உள்ளத்தில் குடியிருக்க முடியும் என்பதற்கு நமக்கு இதுவே ஆதாரம்.

நம்பாதவர்கள் எல்லாரும் பக்குவமற்றவர்கள் என்றும் நாம் சொல்லமாட்டோம். அவர்களில் நேர்மையாளர் உளர். அவர்களுடன் நாம் வியாபாரம் செய்கிறோம், அண்டை வீட்டில் வாழ்கிறோம். பலர் மறுப்பது, சிறுவயதில் தங்களுக்குக் காட்டப்பட்ட ஒரு சிறு பிள்ளைச் சித்திரத்தையே. ஏழு வயதில் தைத்த சட்டை நாற்பது வயதில் பொருந்தாதுதான். சட்டை சிறிதாகிவிட்டது என்பதற்காக ஆடையே வேண்டாம் என்பது ஒரு தவறு. கிழிந்தாலும் அதே சட்டைக்குள் உடம்பை நுழைப்பேன் என்பது மற்றொரு தவறு. வயதுக்கேற்ப ஆடை தைத்துக்கொள்வதே முறை. நாம் கடைசியாக மார்க்கத்தைப் பற்றி ஒரு நூலைப் படித்தது எப்போது? மதரசாவை விட்ட நாளோடு நின்றுவிட்டதா? வியாபாரத்தில் நாற்பது ஆண்டு அனுபவமும், தீனில் பத்து வயதுப் பாடமும் வைத்துக்கொண்டிருந்தால், ருஷ்துப் பரீட்சையில் நாமே தேறுவோமா?

செய்ய வேண்டியவை

ஒன்று: மகனோ மகளோ கேள்வி கேட்டால் அன்றே பதில் தெரிய வேண்டியதில்லை. "எனக்குத் தெரியவில்லை, இருவரும் சேர்ந்து ஆலிமிடம் கேட்போம்" என்று சொல்லுங்கள். கதீஜா (ரலி) அவர்களும் வரகாவிடம் அழைத்துத்தான் சென்றார்கள்.

இரண்டு: கடையில் செய்யும் விசாரணையை, மார்க்கத்தின் பெயரால் வரும் ஒவ்வொரு பேச்சுக்கும் செய்தியும் முதலீட்டுக்கும் செய்யுங்கள்.

மூன்று: வாரத்தில் ஒரு மணி நேரமாவது, கடை அடைத்த பின், வீட்டாருடன் அமர்ந்து ஒரு பக்கம் படியுங்கள். பிள்ளைகளைக் கேள்வி கேட்க விடுங்கள்.

கலந்துரையாடலுக்கான வினாக்கள்

1. குழந்தைக்கும் சித்தம் கலங்கியவருக்கும் மார்க்கம் கடமையில்லை என்பதிலிருந்து நாம் அறிவது யாது?

2. கதீஜா (ரலி) அவர்களின் ஈமானில் நீங்கள் காணும் காரணங்கள் எவை?

3. கிரகணத்தன்று நாயகம் (ஸல்) அவர்கள் மௌனமாக இருந்திருந்தால், பிற்காலத்தில் நம் ஈமானுக்கு என்ன நேர்ந்திருக்கும்?

4. உங்கள் கடையில் நீங்கள் செய்யும் எந்த விசாரணையை மார்க்க விஷயத்தில் செய்யத் தவறுகிறீர்கள்?

5. உங்கள் மகனின் பக்குவத்தைப் பொருள் விஷயத்தில் எப்படிச் சோதித்தீர்கள்? தீன் விஷயத்தில் அவனை எப்போதேனும் பேச விட்டுக் கேட்டதுண்டா?

வல்ல நாயனாகிய அல்லாஹுத்தஆலா நமக்கும் நம் சந்ததியினருக்கும் பயனுள்ள கல்வியையும், தெளிந்த புத்தியையும், அசையாத ஈமானையும் தந்தருள்வானாக! ஆமீன்.